ஆற்றைக் கடந்த மறுநாள் எரியும் இன்ஜின் விளக்கு

வயர் இணைப்புகளில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு ஆற்றைக் கடந்தபோது வண்டி நன்றாகத்தான் ஓடியது, மறுநாள் காலையில்தான் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது என்கிறீர்கள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவை மாற்ற அவசரப்படாதீர்கள், முதலில் சென்சார்களை வயரோடு இணைக்கும் கனெக்டர்களைப் பாருங்கள். சூடான சென்சார் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தளர்ந்த ரப்பர் சீல் வழியாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீங்கள் சுற்றிய இன்சுலேஷன் டேப் அந்த ஈரத்தை வெளியேறவும் விடாது, பிரித்துவிடுங்கள்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு கனெக்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் உலோக பின்களில் (pin) பச்சைத் துரு பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, சீலில் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். அப்புறம், வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கோன் பசையால் மட்டும் அடைக்கவே வேண்டாம். அந்த அமிலம் செம்பை அரித்துவிடும். அடுத்த முறை ஆற்றில் இறங்கும் முன் இன்ஜினைக் கொஞ்சம் ஆறவிடுங்கள்.