நெடுஞ்சாலையில் சார்ஜ் தீர்ந்தால்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஏழு வருடமாக மின்சாரக் கார் ஓட்டுகிறேன். அதில் ஒரு தடவை நடு நெடுஞ்சாலையில் சார்ஜ் தீர்ந்து நின்றும் இருக்கிறேன். நீண்ட பயணம் போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: பூஜ்யம் காட்டியதும் வண்டி சட்டென்று நின்றுவிடுமா? ஸ்டியரிங், பிரேக் எல்லாம் வேலை செய்யாமல் போய்விடுமா? நினைத்தாலே கை நடுங்குகிறது.

சட்டென்று நிற்காது. முதலில் எச்சரிக்கைகள் வரும். பிறகு வண்டி தானாகவே மோட்டாருக்குப் போகும் சக்தியைக் குறைக்கும். சில கார்களில் அப்போது ஆமைப் படம் ஒன்று எரியும். ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் ஏறாது. ஸ்டியரிங், பிரேக், விளக்குகள் இவற்றுக்கெல்லாம் தனியாக 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. அதனால் பெரிய பேட்டரி கைவிட்ட பிறகும் வண்டியைத் திருப்பலாம், நிறுத்தலாம்.

அந்த ஆமை வரும் சில நிமிடங்கள் சாலையை விட்டு ஒதுங்குவதற்கு மட்டும்தான். 'அடுத்த சார்ஜர் பக்கத்தில்தானே' என்று அதை வைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். பின்னால் வருகிறவர் 110-ல் வருகிறார், நீங்கள் 40-ல் போகிறீர்கள் என்பதை அவர் எதிர்பார்க்கவே மாட்டார்.

கேள்வி: அண்ணா, பூஜ்யத்துக்குக் கீழேயும் கொஞ்சம் வைத்திருப்பார்களாமே? அதை நம்பலாமா?

பல கார்களில் இருக்கிறது தம்பி. ஆனால் நம்பாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

பெட்ரோல் டாங்கில் ஒரு மிதவை இருக்கும், மட்டத்தை நேராக அளக்கும். பேட்டரிக்குள் அப்படி அளக்க ஒன்றும் கிடையாது. மின்னழுத்தம், உள்ளே போன மின்சாரம், வெளியே வந்த மின்சாரம், வெப்பநிலை இவற்றை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் அந்தச் சதவீதத்தைக் காட்டுகிறது. எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் கணக்கு இன்னும் கஷ்டம். அதில் பாதி சார்ஜ் இருந்தாலும் முக்கால் இருந்தாலும் மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அதனால்தான் அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்கிறார்கள், கணக்கு சரியாக உட்காரும்.

இன்னொன்றும் உண்டு. உள்ளே நூற்றுக்கணக்கான செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. எது மிகவும் பலவீனமோ அது தன் கீழ் எல்லையைத் தொட்டதும், மற்றவற்றில் மிச்சம் இருந்தாலும் மொத்தத்தையும் நிறுத்திவிடும். குளிரிலும் ஏற்றத்திலும் இது சீக்கிரமே நடக்கும். என் வண்டி நின்றபோது திரையில் பூஜ்யம் இல்லை, 3 சதவீதம் இருந்தது. விடியற்காலைக் குளிர், நீளமான ஏற்றம். 14 சதவீதத்தில் ஒரு சார்ஜரைப் பார்த்தேன். வரிசையில் இரண்டு கார்கள் நின்றன, போய்விடலாம் என்று தாண்டி வந்துவிட்டேன். தவறு நடந்தது அங்கேதான். அதற்கு 30 கிலோமீட்டர் தள்ளி வண்டி நின்றது அதன் விளைவு.

கேள்வி: 450 கி.மீ. போகும் என்று சொல்லி விற்றார்கள். நெடுஞ்சாலையில் 320 தாண்டுவதில்லை. ஏமாற்றுவேலையா?

பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது உங்கள் பயணத்துக்கான எண் இல்லை. ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்று அளக்கும் டபிள்யூ.எல்.டி.பி. என்ற சோதனையில் சராசரி வேகம் மணிக்கு சுமார் 46.5 கி.மீ.தான், அறையின் வெப்பநிலை 23 டிகிரி. நீங்கள் 110-ல் போகிறீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 90-லிருந்து 110-க்குப் போனால் காற்றுத்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எதிர்க்காற்று 30 கி.மீ. வேகத்தில் வீசினால், 100-ல் போகும் வண்டி 130-ல் போகும்போது சந்திக்கும் தடையைச் சந்திக்கிறது.

நகரத்துக்குள் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். நெடுஞ்சாலையில் பிரேக்கே பிடிப்பதில்லை, திரும்பவும் ஒன்றும் வராது. பெட்ரோல் காருக்கு நெடுஞ்சாலையில் மைலேஜ் கூடும், நமக்குக் குறையும். பழைய பழக்கத்தில் கணக்குப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கேள்வி: 12 சதவீதம் இருக்கிறது, சார்ஜர் 40 கி.மீ. தள்ளி. ஏசியை அணைத்தால் போதுமா?

உங்கள் பேட்டரி 50 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீதம் என்றால் 6 யூனிட். 100 கி.மீ. வேகத்தில் நூறு கிலோமீட்டருக்கு 18 யூனிட் குடிக்கும் வண்டி என்றால் 33 கி.மீ.யில் தீர்ந்துவிடும். 80-க்கு இறங்கினால் சுமார் 14 யூனிட் ஆகும், 43 கி.மீ. வரும். 70 என்றால் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஏசி மணிக்கு சுமார் ஒரு யூனிட் எடுக்கும். 80-ல் அரை மணி நேரப் பயணம், அணைத்தால் அரை யூனிட் மிச்சம், மூன்று நான்கு கிலோமீட்டர் கிடைக்கும். ஹீட்டர் அப்படியல்ல. 3 கிலோவாட், அதாவது மணிக்கு 3 யூனிட், எடுக்கும் ஹீட்டரை அணைத்தால் பத்து கிலோமீட்டர் கிடைக்கும். குளிர் என்றால் சீட்டைச் சூடாக்கும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள், அது எடுப்பது மிகக் கொஞ்சம்.

ஆகவே முதலில் வேகத்தைக் குறையுங்கள், உடனே குறையுங்கள். 5 சதவீதம் வந்த பிறகு குறைத்துப் பெரிதாகப் பயன் இல்லை. மெதுவாகப் போகிறவர்களுக்கான தடத்தில் போங்கள். இணையாகச் சாதாரண சாலை ஏதும் இருந்தால் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி அதில் போய்விடுங்கள். 60-ல் போனாலும் அங்கே யாருக்கும் ஆபத்தில்லை, நின்றாலும் ஒதுங்க இடம் இருக்கும். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போய்க் காற்றை மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். லாரிக்காரருக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு அதன் முன்னால் இருப்பது தெரியாது.

கேள்வி: மலைப்பாதை என்றால் எவ்வளவு கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்?

ஆட்களோடு 2,000 கிலோ இருக்கும் வண்டி 1,000 மீட்டர் உயரம் ஏற, வழக்கமான செலவு போக, ஏறக்குறைய 6 யூனிட் கூடுதலாக ஆகும். இறங்கும்போது அதில் நல்ல பங்கு திரும்பி வரும். ஆனால் ஏறி முடித்தால்தானே இறங்க முடியும்?

கேள்வி: வண்டி நின்றே விட்டது, பின் சீட்டில் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். வண்டிக்குள் இருப்பதா, இறங்குவதா?

சகோதரி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

உருண்டுபோகும் வேகம் இருக்கும்போதே ஓரம் கட்டுங்கள், முடிந்த மட்டும் தள்ளி. நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். இருட்டு என்றால் பக்க விளக்குகளும் எரியட்டும். எல்லோரும் போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவு வழியாக இறங்குங்கள், ஓட்டுநரும் அந்தப் பக்கமாகவே நகர்ந்து வரட்டும். தடுப்புக் கம்பி இருந்தால் அதைத் தாண்டிப் போய், வண்டிக்கு நேராக நிற்காமல், வாகனங்கள் வரும் திசையில் சற்றுத் தள்ளி நில்லுங்கள். வேறொரு வண்டி உங்கள் காரை இடித்தால் கார் முன்னோக்கித்தான் தள்ளப்படும். முன்னால் நின்றால் அது உங்கள் மேல் வரும். குழந்தைகளின் கையை விடாதீர்கள். மழை, குளிர் என்று மறுபடி காருக்குள் ஏற்றாதீர்கள். ஒரு போர்வையும் குடையும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

அவசர எண்ணை அழைத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் போகும் திசையையும் சொல்லுங்கள். எச்சரிக்கை முக்கோணம் வைப்பதற்காக வேகமான சாலையில் நடந்து போவது சில நாடுகளில் கூடாது, சில நாடுகளில் கட்டாயம். உங்கள் ஊர் விதியைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நடுத்தடத்திலேயே நின்றுவிட்டது, ஓரம் போகவோ இறங்கவோ வழியே இல்லை என்றால் மட்டும் பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளே இருந்து அவசர எண்ணை அழையுங்கள்.

கேள்வி: கயிறு கட்டி இழுக்கலாமா?

கூடாது. பெரும்பாலான கார்களில் சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழலும், மின்சாரத்தை உண்டாக்கும், சூடேறிக் கெடும். நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் ஏற்றிப்போகும் வண்டியைத்தான் கேளுங்கள். அழைக்கும்போதே 'மின்சாரக் கார்' என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், அது வரும்வரை திரையையும் பாட்டையும் அணைத்து வையுங்கள். நியூட்ரலில் போடவும் கை பிரேக்கை விடுவிக்கவும் அந்த 12 வோல்ட் பேட்டரி வேண்டும்.

கேள்வி: பெட்ரோல் என்றால் கேனில் வாங்கி வரலாம். இதற்கு அப்படி வழியே இல்லையா?

சில ஊர்களில் சார்ஜ் ஏற்றும் வேன் வரும். சில கார்கள் வெளியே மின்சாரம் கொடுக்கும். அப்படி ஒரு காரிலிருந்து 3 கிலோவாட்டில் அரை மணி நேரம் ஏற்றினால் பத்து கிலோமீட்டர் போகலாம். ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் இரண்டு கார்களை நிறுத்தி அரை மணி நேரம் நிற்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெட்ரோலுக்கும் தொடக்கத்தில் இதே பாடுதான். 1888-ல், பெட்ரோல் காரை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து காரில் நெடும்பயணம் போனபோது, எரிபொருளை விஸ்லோக் ஊரில் ஒரு மருந்துக்கடையில்தான் வாங்கினார்.

கேள்வி: ஒரு தடவை முழுசாகத் தீர்ந்துவிட்டது. பேட்டரி கெட்டிருக்குமா?

ஒரு தடவையில் கெடாது, செல்களைக் காப்பாற்றத்தான் வண்டி தன்னை நிறுத்திக்கொள்கிறது. வாரக்கணக்கில் அப்படியே விட்டால்தான் கேடு. சார்ஜரில் மாட்டியும் வண்டி விழிக்கவில்லை என்றால் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கும். அதற்கு முதலில் உயிர் கொடுங்கள்.

கேள்வி: நீங்கள் எத்தனை சதவீதத்தில் நிறுத்துகிறீர்கள்?

20. குளிர்காலத்தில் 25. திட்டம் போடும்போதே ஒரு சார்ஜர் பழுதாக இருந்தால் அடுத்ததற்குப் போகும் அளவு மிச்சம் வைக்கிறேன். 20-லிருந்து 60 வரை வேகமாக ஏறும், 80-க்கு மேல் மெதுவாகத்தான் ஏறும். அதனால் இரண்டு சின்ன நிறுத்தங்கள் எனக்குச் சரி. வரிசையில் இரண்டு கார்கள் நின்றால் இப்போது நானும் மூன்றாவதாகப் போய் நிற்கிறேன்.