வெளியிலிருந்து வரும் உயிரினங்களால் நம் கடலுக்கு நிஜமாகவே ஆபத்தா?

ஆபத்துதான். ஆனால் கேள்வியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "வெளிநாட்டுக் கடற்பாசி வளர்ப்பால் கடற்கரை மக்களுக்கு வருமானம் கிடைக்கிறது என்றால் அதை எதற்குத் தடுக்க வேண்டும்?" நான் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் ஊர்ப்பக்கம் வளர்ந்தவன். என் சொந்தத்திலேயே பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அதனால் மன்னார் வளைகுடாவில் நடந்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

அங்கே வளர்க்கப்பட்ட வெளிநாட்டுப் பாசியின் பெயர் கப்பாஃபைகஸ் அல்வாரெசி. எங்கள் பக்கம் "பெப்சி பாசி" என்றால்தான் தெரியும். பிலிப்பைன்ஸ் கடலுக்குச் சொந்தமான இனம். ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக்க உதவும் கராஜீனன் என்ற பொருள் இதிலிருந்து கிடைக்கிறது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் 1984ல் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1990களில் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 2000 வாக்கில் பெப்சி நிறுவனம் இறங்கியதும் சுயஉதவிக் குழுக்கள் வழியாக வேகமாகப் பரவியது, பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டது. அந்த நிறுவனம் பிறகு விலகிவிட்டது.

இந்தத் தொழில் பெண்களுக்கு என்ன கொடுத்தது என்பதைச் சொல்லாமல் போனால் அது நியாயமில்லை. அதற்கு முன்னால் தீவுகளுக்குப் போய், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்ற உள்ளூர்ப் பாசிகளைப் பிய்த்து எடுத்தார்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986ல் கடல் தேசியப் பூங்காவாகிவிட்டன. கெடுபிடி ஏற ஏற, பாசி எடுப்பதே குற்றம்போல ஆனது. என் அத்தை ஒருவர் சொல்வார்: "தீவுக்குப் போனா ஃபாரஸ்ட்காரங்க புடிக்கிறாங்க. இது கரை ஓரத்துலயே கெடக்கு, பயமில்லாம அறுக்கலாம்." 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, கயிற்றில் கட்டிய பாசித் துண்டுகள், 45 நாளில் அறுவடை. கட்டியதைப்போல நாலு மடங்கு எடை கிடைக்கும். வேறு எந்த வேலை இப்படிக் கைகொடுத்தது அவர்களுக்கு?

சிக்கலும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. இந்தப் பாசி பரவ விதை, வித்து எதுவும் வேண்டாம். உடைந்த ஒரு துண்டு போதும். கயிறு அறுந்தாலும், காற்றடித்து மிதவை உடைந்தாலும், துண்டுகள் நீரோட்டத்தோடு போய்ப் பிடிப்பு கிடைத்த இடத்தில் வளரும். அந்தப் பிடிப்பு பவளப்பாறையாக இருந்தால் கதை முடிந்தது. பவளம் ஒரு விலங்கு. அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு செய்யும் உணவுதான் அதற்குப் பெரும்பங்கு சாப்பாடு. மேலே கனத்த பாய் விரித்ததுபோல இந்தப் பாசி மூடிவிட்டால் வெளிச்சம் நின்று, கீழே பவளம் மெல்லச் சாகும். பாறையின் சந்து பொந்துகள் அடைபட்டு, அங்கே ஒதுங்கும் மீன்குஞ்சுகளுக்கும் இடமில்லாமல் போகும்.

2005ல் தமிழ்நாடு அரசு ஆணை போட்டு, பாக் விரிகுடாவின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும் வளர்க்கலாம் என்றது. ஆனாலும் 2008ல், குருசடைத் தீவின் பவளங்கள்மேல் இந்தப் பாசி ஏறிவிட்டது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அப்புறம் பக்கத்துத் தீவான சிங்கிளிலும் தென்பட்டது. வனத்துறை ஆள்விட்டுப் பிய்த்து எடுக்கிறது. பிய்க்கும்போது உடையும் துண்டிலிருந்து மறுபடி முளைக்கிறது.

இது முன்னமே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்பதுதான் என் ஆதங்கம். ஹவாய் தீவுக்கூட்டத்தின் கனியோஹே விரிகுடாவில் 1970களில் இதே வகைப் பாசிகளை ஆராய்ச்சிக்காகக் கொண்டுவந்து போட்டார்கள். பெரிதாகப் பரவாது என்றுதான் முதலில் நம்பினார்கள். பின்னாளில் அது பவளத்திட்டுகளை மூடியது. பிறகு தண்ணீருக்கடியில் பாசியை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் வைத்தும், பாசி தின்னும் உள்ளூர்க் கடல் முள்ளெலிகளைக் குஞ்சு பொரிக்க வைத்து விட்டும் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. எவ்வளவு செலவு, எவ்வளவு வருட உழைப்பு!

பழி முழுவதையும் பாசிமேல் போடவும் முடியாது. எங்கள் பவளப்பாறைகள் அதற்கு முன்பே அடிபட்டவை. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. பாசி வந்த பிறகும் 2010லும் 2016லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. இழுவை மடிகளும் அறுந்த வலைகளும் தனிக்கணக்கு. நலமாக இருக்கும் பாறை ஓரளவு தாக்குப்பிடிக்கும், செத்த பவளமோ வந்த பாசிக்கு வாகான தளமாகிவிடுகிறது.

பாசியைத் தெரிந்தே கொண்டுவந்தோம். தெரியாமல் வருவதும் உண்டு. எண்ணூரில் "காக்கா ஆழி" என்று மீனவர்கள் சொல்லும் தென் அமெரிக்கச் சிப்பி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தின் அடித்தரையை விரிப்புபோல மூடி, மட்டியையும் இறாலையும் விரட்டிவிட்டது. கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பிவரும் தண்ணீர்தான் இத்தகையவை வரும் முக்கிய வழி. அந்தத் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் 2004ல் போடப்பட்டு 2017ல்தான் நடைமுறைக்கு வந்தது. எண்ணூரில் கை தடவி இறால் பிடித்த பெண்களிடம் கேட்டா கப்பல் வந்தது?

சரி, பாசி வளர்ப்பை நிறுத்திவிடலாமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023ல் அடிக்கல் நாட்டியாயிற்று. தொழில் இன்னும் பெருகத்தான் போகிறது. அதனால்தான் விதிகளை இப்போதே இறுக்கச் சொல்கிறேன். பவளத்தீவுகளின் பக்கம் மிதவை கூடாது. மிதவைக்கு அடியில் வலை கட்டாயம். புயலுக்குப் பின் சிதறிய துண்டுகளைப் பொறுக்க ஆளும் படகும் தயாராக இருக்க வேண்டும். நம் கடலின் கஞ்சிப்பாசியையும் மிதவையில் வளர்க்கலாம், உணவைக் கெட்டியாக்க உதவும் அகார் என்ற பொருளை எடுக்கலாம். விலை குறைவு என்பதால் அதிகம் பேர் சீண்டுவதில்லை. மானியத்தை அந்தப் பக்கம் திருப்பினால் பெண்கள் நிச்சயம் மாறுவார்கள். தீவுகளைச் சுத்தம் செய்யும் செலவைப் பாசி வாங்கி லாபம் பார்க்கும் கம்பெனிகளிடம் வசூலிக்க வேண்டும். அறுத்துக் காயவைத்துக் கிலோக் கணக்கில் விற்கும் அத்தையின் தலையில் கட்டக் கூடாது.