வாசகர் கேள்வி – பதில்: வீரருக்குக் கல் நாட்டும்போது

கேள்வி: 1971 போரில் உயிர்நீத்த எங்கள் ஊர் இளம் ராணுவ அதிகாரிக்கு ஊருணிக்கரையில் நினைவுக்கல் நாட்டவிருக்கிறோம். என்ன எழுதுவது, எப்படி நாட்டுவது?
– காரைக்குடி வட்டார வாசகர்

பதில்: கல்லுக்கு முன்பணம் கொடுக்குமுன் வாசகத்தை முடிவு செய்யுங்கள். பெயர் படைப்பதிவில் உள்ளபடியே இருக்கட்டும். நம் பக்கத்தில் விலாசத்தோடு (தலைப்பெழுத்துகளோடு) வழங்கும் பெயர், அங்கே தந்தை பெயர் விரிந்து வேறாகத் தெரியும். டெல்லி தேசிய போர் நினைவகத்தில் வீழ்ந்தவர் பெயர்களைப் பொறித்திருக்கும் தியாகச் சக்கரச் சுவரோடு ஒப்பிடுபவர் இருவேறு ஆட்கள் என்று நினைத்துவிடக்கூடாது. ஊர் அழைத்த பெயரை அடுத்த வரியில் வெட்டலாம்.

பதவியை உயர்த்தாதீர்கள். அன்று செகண்ட் லெப்டினன்ட் என்ற பதவி இருந்தது. அதே 1971 போரின் பசந்தர் சண்டையில் 21 வயதில் வீழ்ந்து பரம் வீர் சக்கரம் பெற்ற அருண் கேத்ரபாலின் பதவியும் அதுதான். பிறகு பணி எண், ரெஜிமென்ட், பட்டாலியன், வீழ்ந்த இடம், நாள், விருது. உடல் ஊர் வந்த நாளை எழுதுவது பெரிய பிழை. கார்கிலில் மேஜர் மாரியப்பன் சரவணன் வீழ்ந்தது 1999 மே 29. உடல் மீட்கப்பட்டதோ ஜூலையில். கல்லுக்கு உரியது வீழ்ந்த தேதிதான். திதியை வீட்டார் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்.

இனி கல். செம்புராங்கல் வேண்டாம், துளை விழுந்தது, எழுத்து நிற்காது. கருங்கல்லே சரி. 6 அடிக் கல்லில் 2 அடி மண்ணுக்குள் போகட்டும். ஊருணிக்கரை மண் ஈரத்தில் இளகும். கரைச்சரிவை விட்டுத் தள்ளி, 3 அடி ஆழத்தில் குழி வெட்டி, அடியில் ஓரடிக்குக் கான்கிரீட் போட்டு, இறுகிய பின் நிறுத்துங்கள். அவசரப்பட்டால் முதல் மழைக்காலத்திலேயே சாய்ந்துவிடும். முகம் முழுக்கப் பாலிஷ் போட்டால் உச்சிவெயிலில் கண் கூசும், படிக்க முடியாது. பெயிண்ட் அடித்த எழுத்து சில வருடங்களில் உரியும். ஆழமாக உளியால் வெட்டிய எழுத்துக்கு வண்ணமே வேண்டாம்.

நம் மக்கள் எண்ணெய் சாத்துவார்கள், சந்தனம் அப்புவார்கள். தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் எண்ணெய் கல்லில் ஊறித் தூசியைப் பிடித்து எழுத்தை அடைத்துவிடும். அதனால் கல்லுக்கு முன்னால் இரண்டடி தள்ளித் தனியாக ஒரு விளக்குமாடம் கட்டிவிடுங்கள். பூவும் விளக்கும் அங்கே போகும். தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்ற வரிசையில் கல்லை நீராட்டுவதும் உண்டு. அந்த நீராட்டை நாட்டுமுன் தண்ணீரால் மட்டும் செய்யுங்கள்.

இடம் புறம்போக்கு என்றால் முதலில் அனுமதி. சாலையோரம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: திறப்பு விழாவில் கல்லைத் தேசியக் கொடியால் மூடலாமா?
– தேவகோட்டை வாசகர்

பதில்: கூடாது. சிலையையோ நினைவுச் சின்னத்தையோ கொடியால் மூடக்கூடாது என்று கொடி விதிகள் சொல்கின்றன. வெள்ளைத் துணியால் மூடி, கொடியைப் பக்கத்தில் தனிக் கம்பத்தில் ஏற்றுங்கள். நான்முகச் சிங்கச் சின்னத்தையும் கல்லில் வெட்ட வேண்டாம். அதற்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு. திரையை அவருடைய தாயோ மனைவியோ உடன்பிறந்தாரோ இருந்தால் அவர்களே விலக்கட்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.