பெரிய ஃபைலை மெயிலில் அனுப்புவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் அலுவலக மெயிலில் 25 எம்பி வரை அனுப்பலாம். என் ஃபைல் 21 எம்பிதான், ஆனாலும் திரும்பி வந்துவிட்டது. ஏன்?

பதில்: உங்கள் மேல் தவறில்லை. மெயில் வெறும் எழுத்துகளைச் சுமப்பதற்காகப் பிறந்தது. 1982-இல் வந்த எஸ்எம்டிபி என்ற மெயில் அனுப்பும் விதி 7 பிட் (சாதாரண ஆங்கில) எழுத்துகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. படம், பிடிஎஃப் எல்லாம் போக வழி செய்தது 1992-இல் வந்த மைம் முறை. அது ஃபைலை பேஸ்64 என்ற வகையில் எழுத்தாக மாற்றுகிறது. மூன்று பைட், நான்கு எழுத்தாகும். ஆக, எடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். உங்கள் 21 எம்பி, வழியில் 28-ஐத் தாண்டியிருக்கும். இப்படி 25 எம்பி வரம்புள்ள சர்வரில் 18 எம்பியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வாங்குபவர் பக்கத்து வரம்பு இன்னும் குறைவாகவும் இருக்கலாம். திரும்பி வந்த கடிதத்தை மூடிவிடாமல் படியுங்கள். 552 என்ற எண் இருந்தால் பெரும்பாலும் அளவுதான் காரணம்.

கேள்வி: 40 எம்பி போட்டோக்களை ஜிப் செய்தேன். 39 எம்பிக்குக் கீழே குறையவே இல்லையே?

பதில்: குறையாது. ஜேபெக் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. எம்பி4 வீடியோவும் அப்படித்தான். டாக்எக்ஸ் (வேர்டு) ஃபைல்கூட உள்ளுக்குள் ஒரு ஜிப்தான். பார்ப்பதற்கு மட்டும் என்றால் படத்தின் அகலத்தை 1600 பிக்சலாகக் குறையுங்கள். ஆல்பம் அச்சடிக்கப் போகிறது என்றால் தொடாதீர்கள், கூகுள் டிரைவில் ஏற்றி அதன் லிங்க்கை அனுப்புங்கள்.

கேள்வி: பத்திரம் 12 பக்கம், ஸ்கேன் செய்தால் 60 எம்பி வருகிறது.

பதில்: 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), கலரில் ஸ்கேன் செய்திருப்பீர்கள். படிப்பதற்கு 200 டிபிஐ, கிரேஸ்கேல் (கலர் இல்லாத சாம்பல் சாயல்) போதும். பிக்சல் எண்ணிக்கையே ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அப்புறம் ஒன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: பத்திரம், ஆதார் போன்றவற்றை முன்பின் தெரியாத ‘பிடிஎஃப் சுருக்கும்’ தளங்களில் ஏற்றாதீர்கள். மறுபடி ஸ்கேன் செய்ய ஐந்து நிமிடம்தான் ஆகும்.

கேள்வி: டிரைவ் லிங்க் அனுப்பினேன். அவருக்கு ‘அனுமதி கேள்’ என்று வருகிறதாம்.

பதில்: இதுதான் அதிகம் நடக்கிற கோளாறு. லிங்க் போய்விட்டது, கதவு பூட்டியே இருக்கிறது. ஷேர் பட்டனை அழுத்தி, அவருடைய மெயில் முகவரியைச் சேருங்கள். ‘லிங்க் உள்ள யாரும்’ என்பது கல்யாணப் படத்துக்குச் சரி, வங்கிக் கணக்கு விவரத்துக்குச் சரியல்ல. அப்படித் திறந்துவிட்ட லிங்க்கை ஒருமுறை இன்காக்னிட்டோ விண்டோவில் (உங்கள் கணக்கு திறந்திராத தனி விண்டோ) நீங்களே திறந்து பாருங்கள். அனுப்பியதும் டிரைவிலிருந்து ஃபைலை நிரந்தரமாக அழித்துவிட்டால் அவருக்கும் திறக்காது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி உங்கள் மெயிலுக்கும் டிரைவுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: இஎக்ஸ்இ (புரோகிராம்) ஃபைலை ஜிப்புக்குள் வைத்தால் ஜிமெயிலில் போகுமா?

பதில்: போகாது. ஜிப்புக்குள்ளும் பார்த்துத் தடுக்கும்.

கேள்வி: செவன்-ஜிப் மென்பொருளில் ஃபைலைத் துண்டு துண்டாக்கி அனுப்பலாமா? வாங்குபவர் என் பெரியப்பா.

பதில்: முடியும். ஆனால் எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் முழுசாகத் திறக்காது. பெரியப்பாவுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். டிரைவ் லிங்க் ஒன்றை அனுப்பிவிட்டுப் போன் செய்து, திறந்ததா என்று கேளுங்கள்.