தவிலுக்குத்தான் வாட்: ஸ்பீக்கர் கேள்வி-பதில்

சிங்கப்பூர் தெம்பனிஸில் நாலறை வீடு. ஸ்பீக்கரின் பின்னால் 150 வாட் என்று இருக்கிறது. உணர்திறன் 86 டெசிபல் (ஒலியின் அளவு). ஆம்ப்ளிஃபையரோ 40 வாட்தான். ஸ்பீக்கர் பட்டினி கிடக்குமா?

கிடக்காது. 150 என்பது அது தாங்கும் அளவு, போட்டே தீர வேண்டிய தீனி அல்ல. உங்களுக்கு உதவும் எண் அந்த 86. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் கிடைக்கும் ஒலி அது. சோபா இரண்டரை மீட்டரில் இருந்தால் சுமார் 8 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 கூடும். ஆக, தலைக்கு ஒரு வாட்டிலேயே 81 டெசிபல். சுவர்கள் திருப்பித் தரும் ஒலியை நான் சேர்க்கவே இல்லை. 75 டெசிபலில் பாட்டு ஓடினாலே பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். அதற்குக் கால் வாட் போதும்.

பிறகு 40 எதற்கு? தவிலுக்கு. நாகஸ்வரம் நிதானமாகப் போகும்போது திடீரென விழும் ஓர் அடி, சராசரியைவிட 20 டெசிபல் எகிறலாம். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு வாட். கால் வாட் அந்தக் கணத்தில் 25 ஆகிறது. உங்களிடம் 40 இருக்கிறது, நிம்மதியாகக் கேளுங்கள்.

50 வாட்டை 100 ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகுமா?

3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும், அதாவது 500. அந்தப் பணத்தில் 89 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் அதே 3 கிடைத்துவிடும். சோபாவை முன்னால் இழுத்தால் செலவே இல்லை.

வாட் குறைந்த ஆம்ப்ளிஃபையர் ட்வீட்டரை, அதாவது கீச்சொலி தரும் சிறிய ஸ்பீக்கரை, எரித்துவிடும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பாதி உண்மை. எரிப்பது குறைந்த வாட் அல்ல, அதன் எல்லைக்கு மேல் திருகும் கை. அப்போது ஒலியலையின் உச்சி சீவப்பட்டு, கூடுதல் மேல்சுருதிகள் பிறக்கின்றன. அவை முடிபோல மெல்லிய கம்பிச்சுருள் கொண்ட ட்வீட்டரில் போய் விழுகின்றன. பாடகரின் 'ஸ', 'ச' ஓசைகள் கீறத் தொடங்கினால் உடனே குறையுங்கள்.

மின்தடை 4 ஓம் என்று போட்ட ஸ்பீக்கர் பொருந்துமா?

ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தைப் பாருங்கள். 4 ஓம் அனுமதி இல்லையென்றால் வேண்டாம், சூடேறும்.

ஜப்பானிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

வாட்டை விடுங்கள், வோல்ட்டைப் பாருங்கள். அங்கே 100, இங்கே 230. நான் ஒருமுறை பார்க்காமல் சொருகினேன். 'டப்' என்றது, ஒரு வாரம் கூடத்தில் கருகல் வாடை. ஆம்ப்ளிஃபையர் இழுக்கும் மின்சாரத்தைத் தாராளமாகத் தாங்கும் மின்மாற்றி ஒன்றையும் சேர்த்து விலை பேசுங்கள்.

பொங்கோல் வாசகி: கீழ்வீட்டுக்காரர் இரவில் வந்து கதவைத் தட்டுகிறார். சிறிய ஆம்ப்ளிஃபையர் மாற்றட்டுமா?

மாற்றிப் பயனில்லை. அந்த நேரத்தில் நீங்கள் செலவழிப்பது எதிலும் ஒரு வாட்டுக்குள்தான். கீழே இறங்குவது பேஸ் எனும் தாழ்ந்த ஒலி. அதைத் தரும் சப்வூஃபர் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி அதிர்வு தாங்கும் ரப்பர்மேல் வையுங்கள், இரவில் அணைத்துவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அமைதி காக்கச் சொல்லும் நேரம் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை. அவர் தட்டுவது அதற்குள் என்றால் நியாயம் அவர் பக்கம்.