உப்புக் காற்றில் ஓக் பீப்பாய்: விஸ்கி கேள்வி பதில்

கடையில் வாங்கிய சரக்கை வீட்டில் மரத்தோடு ஊறவைப்பது, விஸ்கி வகைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பற்றி ராமேசுவரம் முதல் தொண்டி வரை உள்ளவர்கள் கேட்டவை இவை. வீட்டில் காய்ச்சுவது பற்றி வந்த கேள்விகளை எடுக்கவில்லை. தமிழ்நாட்டில் அது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வீட்டில் எவ்வளவு மது வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பீப்பாய் வாங்குமுன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

உச்சிப்புளி: அண்ணே, ஸ்காட்ச், பர்பன், ஐரிஷ், நம்ம நாட்டு விஸ்கி. குடிக்கிறப்ப வேற வேறன்னு தெரியுது. ஏன் வேறன்னு தெரியல.

எந்தத் தானியம், எந்த மரம் என்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும் தம்பி.

ஸ்காட்ச் என்றால் ஸ்காட்லாந்திலேயே, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் ஊறியிருக்க வேண்டும். சிங்கிள் மால்ட் என்று போட்டால் முளைகட்டிய பார்லி (அதுதான் மால்ட்) மட்டும், ஒரே ஆலை, பானை வடிகலன். ஏற்கெனவே பர்பனோ ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயினோ இருந்த பழைய பீப்பாயைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அதனால் மரவாசனை அடங்கியிருக்கும், பார்லி மேலே தெரியும். கேரமல் நிறம் சேர்க்க அனுமதி உண்டு. நிறத்தைப் பார்த்து வயதை எடைபோடாதீர்கள்.

அமெரிக்காவின் பர்பன் இதற்கு நேரெதிர். மக்காச்சோளம் 51 சதவீதமாவது இருக்க வேண்டும். உள்பக்கம் கருக்கிய புத்தம்புது ஓக்கில்தான் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது ஆல்கஹால் வீரியம் 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நிறம் சேர்க்கவே கூடாது. வெனிலா, தேங்காய், கருகிய சர்க்கரை வாசனைகளில் பெரும்பங்கு அந்தப் புது மரத்தின் உபயம். ‘ஸ்ட்ரெய்ட்’ என்றால் 2 வருடம். ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்றால் 1897ஆம் வருடச் சட்டப்படி ஒரே ஆலை, ஒரே பருவம், 4 வருடம், 50 சதவீத வீரியம். டென்னசி விஸ்கியைப் பீப்பாயில் ஊற்றுமுன் மேப்பிள் மரக்கரியில் வடிகட்டுகிறார்கள்.

ஐரிஷும் 3 வருடம்தான். மூன்று முறை வடிப்பது அங்கே வழக்கமே தவிர சட்டமில்லை. ‘பாட் ஸ்டில்’ என்று போட்டிருந்தால் முளைகட்டாத பார்லி 30 சதவீதமாவது சேர்ந்திருக்கும். நாக்கில் எண்ணெய்ப் பசை தெரிவது அதனால்தான்.

நம் கடைகளில் 42.8 சதவீதத்தில் வரும் மலிவு விஸ்கிகளில் பெரும்பாலானவை கரும்பாலை மொலாசஸில் வடித்த ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் கலந்தவை. தானியத்தில் வடிக்காததை ஐரோப்பாவில் விஸ்கி என்று விற்கவே முடியாது. பெங்களூரு அம்ருத், கோவாவின் பால் ஜான், ராம்பூர் எல்லாம் வேறு கணக்கு: முழுக்க பார்லி மால்ட். அம்ருத் சிங்கிள் மால்ட்டை 2004இல் கிளாஸ்கோவில்தான் முதலில் இறக்கினார்கள்.

பாம்பன்: ஸ்காட்லாந்து ஐலா தீவு விஸ்கியில கடல் வாசனை வருதுங்கிறாங்க. நம்ம வீடும் கடலை ஒட்டித்தான். இங்க பீப்பாய் வச்சா அந்த ருசி வருமா?

வராது. பாலத்தடியில் கட்டித் தொங்கவிட்டாலும் வராது. அந்தத் தீவில் பார்லியை உலர்த்த பீட் எரிக்கிறார்கள். சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் மக்கி உண்டான மண் அது. அதன் புகையிலுள்ள குவயக்கால், கிரெசால் போன்ற ஃபீனால்கள்தான் டிங்க்சர் நெடியையும் கருகல் வாடையையும் தருகின்றன. உப்பு வடிகலனைத் தாண்டி வராது. அந்த ஃபீனால் அளவு ஆர்ட்பெக் ஆலைக்கு 55 பிபிஎம் (பத்து லட்சத்தில் 55 பங்கு), கால் ஈலா ஆலைக்கு 30 முதல் 35 என்று சொல்வதெல்லாம் மால்ட்டில் அளந்த கணக்கு. பாட்டிலில் அதைவிடக் குறைவு. இன்னொன்று: ஐலாவில் வடித்த சரக்கில் கணிசமான பகுதி தீவிலேயே ஊறுவதில்லை, பெருநிலத்துக் கிடங்குகளுக்குப் போய்விடுகிறது.

உங்கள் உப்புக் காற்று செய்யப்போவது ஒன்றுதான். பீப்பாய் வளையத்தைத் துருப்பிடிக்க வைக்கும்.

ராமநாதபுரம்: சிங்கப்பூர்லேர்ந்து மாமா கொண்டாந்த 12 வருஷ பாட்டில். பத்து வருஷம் பிரிக்காம வச்சா 22 வருஷமா?

கண்ணாடிக்குள் வயது ஏறாது. 12 எப்போதும் 12தான். நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைத்தால் வீரியம் கார்க்கை அரித்துவிடும். திறந்தபின் பாதிக்குக் கீழே இறங்கினால் சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் சில மாதங்களில் சப்பென்று ஆகிவிடும்.

தேவிபட்டினம்: சூட்டுல சீக்கிரம் ஊறும்னா நம்ம ஊரு வெயிலுக்கு மூணே மாசத்துல 12 வருஷ ருசி வந்துரணுமே. விளம்பரத்துலயும் அப்படித்தான போடுறான்?

விளம்பரம் புளுகு. ஊறும்போது ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, மரத்திலிருந்து இறங்குவது: லிக்னினிலிருந்து வெனிலின், மரச்சர்க்கரையிலிருந்து கேரமல் வாசனை, ஓக் லாக்டோனிலிருந்து தேங்காய் வாசனை, கூடவே டானின் துவர்ப்பு. சூடும் சின்னப் பீப்பாயும் சேர்ந்தால் இது பறக்கும். 200 லிட்டர் பீப்பாயோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு லிட்டர் சரக்குக்கும் கிடைக்கும் மரப்பரப்பு 5 லிட்டர் பீப்பாயில் ஏறக்குறைய மூன்றரை மடங்கு, 2 லிட்டரில் நாலரை மடங்குக்கும் மேல், 1 லிட்டரில் 6 மடங்குக்குக் கொஞ்சம் குறைவு.

மற்றது, காற்று மெல்ல உள்ளே போய் காரத்தைத் தணித்து, அமிலமும் ஆல்கஹாலும் கூடிப் பழவாசனை எஸ்டர்களாவது. இதற்கு வருடங்கள் வேண்டும். மரம் வாரக்கணக்கில் முடித்துவிடும் வேலையை இது எட்டிப்பிடிக்காது. ஆகவே சின்னப் பீப்பாயில் நிறமும் துவர்ப்பும் 12 வருடத்துக்கு வந்துவிடும், பக்குவம் வராது. நம் கரையில் கெட்டுப்போகும் பீப்பாய்களில் பெரும்பாலானவை அதிக நாள் வைத்ததால் கெட்டவை.

ஆவியாகும் கணக்கையும் பாருங்கள். ஸ்காட்லாந்தில் வருடத்துக்கு 2 சதவீதம் போல. பெங்களூரில் அம்ருத் சொல்வது 10, 12 சதவீதம். அது 200 லிட்டர் கணக்கு, நம்மைவிடக் குளிர்ந்த ஊர். 2 லிட்டர் பீப்பாய் உங்கள் வீட்டில் இதைவிட வேகமாக வற்றும். காற்றில் ஈரம் மிகுந்த இடத்தில் தண்ணீரைவிட ஆல்கஹாலே முந்திக்கொண்டு போகும் என்பதால் வீரியமும் இறங்கும்.

தங்கச்சிமடம்: 2 லிட்டர் ஓக் பீப்பாய் வந்து இறங்கியிருக்கு அண்ணே. முதல்லேர்ந்து சொல்லுங்க.

முதலில் மூடித் துளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கரிய கருக்கல் தெரிய வேண்டும். பளபளவென்று வார்னிஷோ மெழுகோ தெரிந்தால் அது அலமாரிக்கான அழகுப் பொருள்.

உதிர்ந்த கரித்தூள் போகுமட்டும் அலசுங்கள். குழாயைப் பொருத்திவிட்டு, சுடுதண்ணீரைக் கழுத்துவரை ஊற்றித் தட்டில் வையுங்கள். பலகை இடுக்குகளில் முதல் அரைநாள் கசிவது இயல்பு. மரம் ஊதி அடைத்துக்கொள்ளும். தினம் தண்ணீர் மாற்றி 2 நாள், மிஞ்சினால் 3 நாள். நம் சூட்டில் அதற்குமேல் விட்டால் தண்ணீர் நாறி, நாற்றம் மரத்தில் ஏறும். கேன் தண்ணீரே போதும், உவர்ப்பான போர் தண்ணீர் வேண்டாம். 3 நாளுக்குப் பிறகும் ஓரிடத்தில் கசிந்தால் வெளிப்பக்கத்தைத் துடைத்துக் காயவைத்து, உருக்கிய தேன்மெழுகை அந்த இடத்தில் தேயுங்கள்.

மூன்று ஃபுல் வாங்கினால் 2250 மில்லி. 2 லிட்டர் பீப்பாய்க்குப் போகும். மீதி 250ஐ மூடி எடுத்து வையுங்கள். இதுதான் ஒப்பீட்டுச் சரக்கு, பின்னால் மருந்தும் இதுதான். முதல் நிரப்பலுக்கு வோட்கா, வெள்ளை ரம் அல்லது சாதுவான பிளெண்டட் (கலப்பு) விஸ்கி போதும். புகை வாசனைச் சரக்கை ஊற்றினால் அடுத்தடுத்து ஊற்றும் எல்லாவற்றிலும் அது எட்டிப் பார்க்கும்.

ஊற்றியவுடன் சமையலறைத் தராசில் எடை குறித்துக்கொள்ளுங்கள், வாரம் ஒருமுறை திரும்ப நிறுத்துப் பாருங்கள். மட்டம் இறங்கியும் எடை அப்படியே இருந்தால் கட்டை குடித்திருக்கிறது. எடையும் இறங்கினால் ஆவியோ கசிவோ. 100 கிராம் குறைந்தால் ஏறக்குறைய 105 மில்லி போயிற்று என்று கணக்கு.

வைக்குமிடம்: வெயில் படாத உள்ளறை, தரையோடு. அடுப்பும் பூஜை விளக்கும் இருக்கும் அறை ஆகாது. 40 சதவீதச் சரக்கின் ஆவி 26 டிகிரியிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். நம் ஊரில் ராத்திரியிலும் அதைவிடச் சூடு உண்டு. மொட்டை மாடி யோசனையை விட்டுவிடுங்கள்.

3ஆம் நாள் 5 மில்லி எடுத்து ருசி பாருங்கள். பிறகு 7ஆம் நாள், அதன்பின் 3 நாளுக்கு ஒருமுறை. முதல் நிரப்பல் நம் சூட்டில் 2, 3 வாரத்தில் முடிந்துவிடும். இரண்டாவது 4 முதல் 6 வாரம், மூன்றாவது 2, 3 மாதம். என் கணிப்பில் இரண்டாவதும் மூன்றாவதுமே நல்ல சரக்கு. முதலாவது பீப்பாய்க்குக் கொடுக்கும் கப்பம். ‘இன்னும் கொஞ்சம் ஏறினால் நன்றாயிருக்குமே’ என்று தோன்றும்போதே இறக்கி, காபி வடிதாளில் வடித்து, கண்ணாடியில் ஒரு மாதம் ஆறவிடுங்கள்.

மண்டபம்: நாலாவது நாளே சரக்கு பேனா மை மாதிரி கருநீலமா ஆயிருச்சு. கரித்தூளா?

இரும்பு. ஓக்கின் டானினோடு இரும்பு சேர்ந்தால் மைதான் வரும்; பழைய காலத்து எழுத்து மையே அந்தச் சேர்க்கைதான். குழாயின் உள்பக்கத் திருகாணியைப் பாருங்கள். துருப்பிடித்த வளையத்தின் வழியே கசிந்தாலும் பலகையில் கருப்பு ஓடும். இதைத் திருத்த வழியில்லை, கொட்டிவிடுங்கள். மரக்குழாயோ உணவுத்தர ஸ்டெயின்லெஸ் குழாயோ போட்டு அடுத்த தடவை ஊற்றுங்கள். வளையத்தை வாரம் ஒருமுறை துடைத்து மெழுகு பூசினால் உப்புக் காற்று அண்டாது.

தொண்டி: கல்யாண வேலையில 2 மாசம் மறந்துட்டேன். முதல் நிரப்பல். ஈறு இழுக்குது, கஷாயம் மாதிரி இருக்கு.

உடனே கண்ணாடிக்கு மாற்றுங்கள். மூன்று டம்ளரில் 10 மில்லி வீதம் ஊற்றி, எடுத்துவைத்த பழைய சரக்கை 10, 20, 30 மில்லி என்று சேர்த்துப் பாருங்கள். ஒன்றுக்கு இரண்டோ மூன்றோ தேவைப்படும். எடுத்துவைத்தது மொத்தத்துக்கும் போதாது, அதே சரக்கை இன்னும் வாங்கித் தோதான அளவில் எல்லாவற்றையும் கலந்து ஒரு மாதம் வையுங்கள். சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம். துவர்ப்பு போகாது, மேலே தித்திப்பு மட்டும் ஏறும்.

மூக்கையூர்: பீப்பாய் விலை கட்டாது. பழைய வள்ளத்துப் பலகை, சீமைக்கருவேலங் கட்டை கிடக்கு. சீவி பாட்டில்ல போட்டா?

வள்ளத்துப் பலகையைத் தொடவே கூடாது. பெயின்ட், முந்திரிக்கொட்டை எண்ணெய், மீன் எண்ணெய், அடிப்பூச்சு நஞ்சு எல்லாம் ஊறிய மரம். வேம்பு கசக்கும், தேக்கில் எண்ணெய்ச் சத்து. சீமைக்கருவேலம் கரி மூட்டத்துக்குத்தான் சரி. ஓக்கை எடுப்பது சும்மா மரபுக்காக அல்ல. வெள்ளை ஓக்கின் துளைகள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் ஒழுகாது, லாக்டோனும் உண்டு.

பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் ஒயின் செய்பவர்களுக்கு விற்கும் ஓக் கட்டிகளை வாங்குங்கள். ஒரு லிட்டருக்கு 3, 4 கிராம் போதும். டோஸ்ட் செய்யாததாக இருந்தால் அலுமினியத் தாளில் சுற்றி ஓவனில் 190 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம், டிக்காஷன் நிறம் வரும்வரை. கண்ணாடி ஜாடியில் போட்டு வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து மூடினால் கொஞ்சம் காற்று கிடைக்கும். ஆவியாகும் நட்டமில்லை, பிடிக்காவிட்டால் கட்டியை எடுத்துவிடலாம். உள்ளபடி சொன்னால் நம் கரைக்குப் பீப்பாயைவிட இதுதான் தோது.

சாயல்குடி: பனையில வடிச்சதுன்னு ஒருத்தர் வெள்ளைச் சரக்கு தர்றார். ஓக்குல ஊறவச்சா விஸ்கி ஆகுமா?

தானியமில்லாமல் விஸ்கியே இல்லை. அதைவிட முக்கியம், யார் எதில் வடித்தது என்று தெரியாததை வாயில் வைக்காதீர்கள். மெத்தனாலுக்குத் தனி ருசியோ மணமோ கிடையாது, மரமும் கரியும் அதை எடுக்காது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் உயிர் போனது அதனால்தான். ஏற்கெனவே யாராவது குடித்து, கண் மங்கினாலோ வயிறு வலித்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு ஓடுங்கள்.

தென்னங்கள்ளில் வடித்துப் பக்குவமாக ஊறவைத்த சரக்குக்கு அக்கரையில் இலங்கையின் அரக்கு இருக்கிறது. ஹல்மில்லா மரத் தொட்டியில் ஊறுகிறது. முறையாக வரும் பாட்டில் கிடைத்தால் விஸ்கிக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பரமக்குடி: அண்ணா, நானும் வீட்டுக்காரரும் நாலு வகையை ஒரே உட்காரலில் ஒப்பிட்டுப் பார்க்க நினைக்கிறோம். எப்படி?

ஒவ்வொரு வகையிலும் ஆளுக்கு 15 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள் தங்கச்சி. வீரியத்தைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் வீரியம் கூடியதே நல்லதாகத் தெரியும். 46 சதவீதம் 50 மில்லி எடுத்து 7.5 மில்லி தண்ணீர் சேர்த்தால் 40, 42.8 என்றால் 3.5 மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்ச் கைக்குதவும். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீர் ஆகாது. 34 டிகிரி அறையில் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். பாட்டில்களைப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள்.

ஐரிஷ், பர்பன், ஷெர்ரி பீப்பாய் மால்ட், கடைசியில் பீட் என்று போங்கள். டம்ளர் அடியில் எண் ஒட்டி, ஊற்றியவரைத் தவிர மற்றவருக்கு எது எதுவென்று தெரியாமல் வையுங்கள். விலை நாக்கை ஏமாற்றும். நடுவில் பொரியும் தண்ணீரும். நெத்திலிக் கருவாட்டை எல்லாம் முடிந்தபிறகு தட்டில் போட்டுக்கொள்ளலாம்.

ஏர்வாடி: சரக்குல தண்ணி ஊத்தி வச்சதுல வெள்ளையா செதில் மிதக்குது.

கடினத் தண்ணீரின் சுண்ணாம்பு. வடிகட்டுங்கள், அடுத்து ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். செதிலில்லாமல் குளிரும்போது மட்டும் மங்கலானால் அது இயல்பு, கவலையில்லை.

திருப்பாலைக்குடி: அடுத்த சரக்கு ஊத்த ரெண்டு மாசம் ஆகும். காலிப் பீப்பாயை என்ன செய்ய?

காயவிட்டால் பலகை சுருங்கி வளையம் கழன்றுவிடும். வெறும் தண்ணீர் விட்டால் பூசணம். லிட்டருக்கு 2 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்துக் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். கலக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள், இளைப்பு உள்ளவர் பக்கத்தில் நிற்க வேண்டாம். மாதம் ஒருமுறை மட்டத்தைப் பார்த்து ஊற்றி நிரப்புங்கள். சரக்கு ஊற்றுமுன் நல்ல தண்ணீரில் மூன்று தடவையாவது அலசி, கந்தக வாடை போய்விட்டதா என்று மோந்து பார்த்துக்கொள்ளுங்கள்.