சம்பந்தியின் கொள்ளுப்பாட்டி படித்த பள்ளி

டல்லாஸ் பக்கத்தில் மகன் வீட்டில் இருக்கும் ஒரு வாசகி கேட்கிறார்: "என் மருமகள் ஓக்லஹோமாக்காரி. அவள் அப்பாவின் கொள்ளுப்பாட்டி சாக்டா பழங்குடிப் பெண். 1880களில் வீலாக் என்ற மிஷன் பள்ளியில் தங்கிப் படித்தாராம். பேத்திக்குப் பள்ளியில் குடும்ப வரலாறு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் இருவரும் ஒரு வாரமாக அந்தப் பெயரை இணையத்தில் தட்டிப் பார்க்கிறோம், ஒன்றும் கிடைக்கவில்லை. மிஷனரிகளின் பழைய பத்திரிகைகளைப் புரட்டினோம், அதிலும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?"

பெயரைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். அந்த வருடத்தில் அந்தப் பள்ளிக்குப் படியளந்தவர் யார் என்று முதலில் பாருங்கள். பணம் கொடுத்தவருக்குத்தான் கணக்கு போயிருக்கும், கணக்கோடு சேர்ந்துதான் மாணவிகளின் பட்டியலும் போயிருக்கும். வீலாக்கின் கட்டிடம் எரிந்ததுண்டு, மறுபடி எழுந்ததுண்டு, ஆனால் பெயர் மாறவில்லை. படியளந்தவர் மட்டும் மாறினார்.

நீங்கள் மிஷனரி பத்திரிகையில் தேடியது இயல்புதான். நானும் அந்த வழியாகத்தான் சாக்டா மக்களிடம் வந்து சேர்ந்தேன். 1810இல் தொடங்கி பாஸ்டனிலிருந்து இயங்கிய அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கத்தின் ஆட்கள் 1816இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். இரண்டு வருடம் கழித்து அதே சங்கம் மிசிசிப்பியில் சாக்டா மக்களிடையே எலியட் என்ற நிலையத்தைத் தொடங்கியது. மதுரை மிஷன் வந்தது 1834இல். அவர்களுடைய மிஷனரி ஹெரால்ட் மாத இதழில் வட்டுக்கோட்டை செமினரியைப் பற்றி வாசித்துக்கொண்டிருப்பேன். சில பக்கம் தள்ளினால் சாக்டா நாட்டு மேஹ்யூ பள்ளி வந்து நிற்கும். எத்தனை பிள்ளைகள், எவ்வளவு சோளம், யாருக்குக் காய்ச்சல் என்று எல்லாம் ஒரே தொனியில் இருக்கும். அமெரிக்காவில் பணம் அனுப்பிய புண்ணியவானின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் இரண்டு இடத்திலும் உண்டு. ஆக, ஆங்கிலப் பெயர் இருப்பதாலேயே ஒரு பிள்ளையைக் கலப்பினம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஆனால் நம் ஊர் மிஷன் காகிதங்களைப் பார்த்துப் பழகியவர்கள் சாக்டா விஷயத்தில் சறுக்குவார்கள். யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் அந்தச் சங்கத்தின் இழை இருபதாம் நூற்றாண்டு வரை அறாமல் போகிறது. சாக்டா நாட்டில் அது 1859இலேயே அறுந்துவிட்டது. உங்கள் சம்பந்தியின் கொள்ளுப்பாட்டி அப்போது பிறந்திருக்கவே மாட்டார். அந்த இழை அறுந்த காரணத்துக்குப் பின்னால் வருகிறேன்.

சாக்டா மக்களின் பூர்வீகம் மிசிசிப்பி. 1830 செப்டம்பரில் டான்சிங் ராபிட் க்ரீக் என்ற இடத்தில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, 1831 முதல் 1833 வரை அவர்களில் பெரும்பாலோரை இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தினார்கள். வழியில் குளிரிலும் காலராவிலும் செத்தவர்கள் ஏராளம். அந்த இடப்பெயர்வோடு வந்த ஆல்ஃபிரெட் ரைட் என்ற மிஷனரி 1832இல் தொடங்கியதுதான் வீலாக். அதாவது முதலில் படியளந்தது பாஸ்டன் சங்கம்.

1842இல் சாக்டா தேசத்தின், அதாவது அந்த மக்களின் சொந்த அரசின், பொதுச்சபை ஒரு பள்ளிச் சட்டம் போட்டது. நிலத்தை இழந்ததற்கு ஈடாக ஒப்பந்தங்களில் கிடைத்த பணத்திலிருந்து ஸ்பென்சர் அகாடமி, ஃபோர்ட் காஃபி அகாடமி, ஆர்ம்ஸ்ட்ராங் அகாடமி என்று ஆண் பிள்ளைகளுக்கும், வீலாக் உள்ளிட்ட சில இடங்களில் பெண் பிள்ளைகளுக்கும் விடுதிப் பள்ளிகள் வைத்தார்கள். ஆசிரியர்களை மிஷன் சங்கங்கள் அனுப்பும், செலவில் ஒரு பங்கும் தரும். பெரும்பங்கு சாக்டா தேசத்தின் பணம். மேற்பார்வைக்கு அவர்களே நியமித்த அறங்காவலர்கள் இருந்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'மிஷன் பள்ளி' என்றதும் வெள்ளைக்காரர் கட்டி வைத்தார், இவர்கள் போய்ப் படித்தார்கள் என்று நினைத்துவிடுகிறோம். தங்கள் காசில், தங்கள் சட்டத்தில் பள்ளி நடத்தியவர்கள் இவர்கள். பேத்தியின் கட்டுரையில் வேறு எது விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பள்ளிகள் மூடின. 1869இல் வீலாக் எரிந்தது. 1880களின் தொடக்கத்தில் சாக்டா தேசம் அதைத் திரும்பக் கட்டியபோது ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியாக்கியது. போருக்கு முன் அங்கே இருந்த ஜான் எட்வர்ட்ஸ் போன்ற மிஷனரிகள் திரும்பி வந்தார்கள். அதனால்தான் உங்கள் சம்பந்தி வீட்டில் 'மிஷன் பள்ளி' என்றே நினைவு நின்றுவிட்டது. ஆனால் செலவு தேசத்துடையது, கணக்கும் தேசத்துக்கே. பழங்குடி அரசுகளின் அதிகாரத்தைப் பறித்த 1898ஆம் வருடத்துக் கர்ட்டிஸ் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்க அரசு பள்ளிகளைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. வீலாக் 1955 வரை ஓடியது.

ஆக 1880களுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது சாக்டா தேசிய ஆவணங்கள். அவை ஓக்லஹோமா சிட்டியில், மாநில வரலாற்றுச் சங்கத்தின் ஆவணப் பிரிவில் இருக்கின்றன. பள்ளி அறிக்கைகள், சபைத் தீர்மானங்கள், 1885 மக்கள்தொகைக் கணக்கு எல்லாம் நுண்படச் சுருளாக உள்ளன. 1859க்கு முந்தைய ஆள் என்றால் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கும் அமெரிக்கன் போர்டு காகிதங்களைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். 1899க்குப் பிந்தையவர் என்றால் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஃபோர்ட் வொர்த் கிளை. அது உங்கள் வீட்டிலிருந்து காரில் போய்விடும் தூரம்தான்.

ஓக்லஹோமா சிட்டிக்குக் கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பள்ளிக் காலத்தில் அவர் என்ன பெயரில் இருந்தார் என்று தெரிய வேண்டும். நீங்கள் தேடிய பெயர் அநேகமாகக் கல்யாணத்துக்குப் பிந்தையது. இதற்கு உதவுவது டாஸ் அட்டை. 1893இல் அமைத்த டாஸ் ஆணையம், பொது நிலத்தைத் தனித்தனிப் பங்காகப் பிரிப்பதற்காகக் குடும்பம் குடும்பமாக ஆட்களைப் பதிந்தது. இறுதிப் பட்டியலை ஓக்லஹோமா வரலாற்றுச் சங்கத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். அதில் ஆளைப் பிடித்ததும் அட்டை எண் கிடைக்கும். அதை வைத்து அட்டையின் படத்தையே எடுத்துப் பாருங்கள், பட்டியலோடு நின்றுவிடாதீர்கள்.

அட்டையின் மேல்பாதியில் குடும்பத்தாரின் பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, வயது, ரத்த விகிதம் (எத்தனை பங்கு சாக்டா வம்சம் என்பது), முன்பு எந்தக் கவுண்டியில் பதிவு என்று வரும். 1899 வாக்கில் உங்களவர் ஏறக்குறைய இருபத்தேழு வயதுப் பெண்ணாக, கணவர் பெயரோடு, கைக்குழந்தையோடு அங்கே இருப்பார். எல்லோரும் இதைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். கீழ்பாதிக்கு வாருங்கள். அதே வரிசை எண்ணுக்கு நேரே அவருடைய அப்பா பெயரும் அம்மா பெயரும் இருக்கும். இறந்தவராக இருந்தால் வருடக் கட்டத்தில் 'இறந்துவிட்டார்' என்று ஒரே சொல்லாகக் குறித்திருப்பார்கள். அந்த அப்பா பெயர்தான் பள்ளிப் பட்டியலில் உங்கள் கொக்கி. வீலாக் இருந்தது டவ்சன் கவுண்டியில். 1885 கணக்கில் அந்தக் கவுண்டியில் தொடங்கி, அக்கம்பக்கத்துக் கவுண்டிகளையும் பார்த்துவிடுங்கள்.

ரத்த விகிதக் கட்டத்தை மட்டும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். பல இடங்களில் அது எழுத்தர் முகத்தைப் பார்த்துப் போட்ட மதிப்பு.

அப்புறம் எழுத்து. சாக்டா மொழியின் குறில் 'அ' ஒலிக்கு மிஷனரிகள் ஒரு தனி எழுத்தை வைத்தார்கள். அச்சில் அது பெரும்பாலும் ஆங்கில 'வி' ஆகிவிட்டது. 'வ்பா' என்று வாசிக்கத் தோன்றும் சொல் உண்மையில் 'அபா', அதாவது மேலே. ஆண்களின் பெயர் முடிவில் வரும் 'அபி' கொன்றவன் என்ற பொருளில் வரும் போர்ப் பட்டம். அதையே டபி, டப்பி, டுப்பி என்று எழுத்தருக்குத் தோன்றியபடி எழுதியிருப்பார்கள். முழுப் பெயரைத் தட்டாமல் முதல் பாதியை மட்டும் தட்டித் தேடுங்கள். இன்னொன்று: அப்பாவின் முதற்பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகப் போன வீடுகள் நிறைய. தாத்தாவுக்கும் பேரனுக்கும் பொதுவான பெயரே இருக்காது. தமிழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, நம் இனிஷியல் படும் பாடுதான் இது.

பழைய சாக்டா வழக்கத்தில் மனைவி கணவன் பெயரைச் சொல்ல மாட்டாள். 'இன்னாருடைய அப்பா' என்பாள். நம் பாட்டிமார் மாதிரியேதான். பதிவு எழுதும் வெள்ளைக்காரர் வந்து 'உன் புருஷன் பெயர் என்ன' என்று கேட்டால் என்ன விடை கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதோடு, அவர்களுடையது தாய்வழிச் சமூகம். பிள்ளை அம்மாவின் குலத்தைச் சேரும், 'இக்சா' என்பார்கள். ஒரே இக்சாவுக்குள் கல்யாணம் கிடையாது. அக்கா பிள்ளைகள் தாய்மாமன் பொறுப்பு. பள்ளியும் ஆணையமும் அப்பா பெயரைக் கேட்டுக் கேட்டே அந்த வழியைக் காகிதத்திலிருந்து துடைத்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், கிறிஸ்தவம் வந்தபின் சபைப் பிரிவுகளையும் சாக்டா மொழியில் இக்சா என்றே சொன்னார்கள்.

பெயர் கிடைக்காமலே போகலாம். அப்போதும் கட்டுரைக்குச் சரக்கு உண்டு. 1930களில் அரசு வேலைத் திட்டத்தில் முதியவர்களைப் பேட்டி கண்டு தட்டச்சு செய்த பக்கங்கள் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. அங்கே ஆள் பெயரைப் போடாமல் பள்ளி பெயரைப் போட்டுத் தேடுங்கள். உரலில் சோளம் குத்தியது, பந்தாட்டம், சாவு வீட்டில் ஊரே கூடி அழுதது என்று மிஷன் அறிக்கையில் ஒற்றை வரியில் கடிந்துகொள்ளப்பட்ட விஷயங்கள் அங்கே பக்கக் கணக்கில் வரும்.

படிப்பு என்றால் விடுதிப் பள்ளி மட்டும் அல்ல. விடுதிகளில் ஆங்கிலம். அதற்கு வெளியே சனி, ஞாயிறு பள்ளிகள் நடந்தன. குடும்பத்தோடு வந்து தேவாலயத்துக்குப் பக்கத்தில் முகாம் போட்டு, தாத்தா முதல் பேத்தி வரை சாக்டா மொழியிலேயே வாசிக்கப் படித்தார்கள். பள்ளிக்கு அவர்கள் சொல் 'ஹொலிசோ அபிசா'. ஹொலிசோ என்றால் புத்தகம். 1829லேயே சாக்டா மொழியில் பாட்டுப் புத்தகம் வந்துவிட்டது, புதிய ஏற்பாடு 1848இல். ஆங்கிலம் தெரியாத கொள்ளுப்பாட்டிகளும் எழுத்தறிந்தவர்களாக இருந்திருக்கலாம்.

இழை அறுந்த கதைக்கு வருகிறேன். சாக்டா நாட்டில் வசதியானவர்கள் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள். மிஷன் நிலையங்களிலும் அடிமைகளை எஜமானரிடம் வாடகைக்கு எடுத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். பாஸ்டனில் எதிர்ப்பு வலுத்து, 1859இல் அமெரிக்கன் போர்டு விலகிக்கொண்டது. டாஸ் பதிவிலும் இதன் தடம் உண்டு: விடுதலை பெற்றவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் தனி வரிசை. சாக்டா தகப்பனுக்குப் பிறந்தவர்கள்கூட அந்த வரிசையில் தள்ளப்பட்டிருக்கிறார்கள். 'ரத்தவழி' வரிசையில் பெயர் இல்லை என்றால் அங்கேயும் பாருங்கள். அங்கே கிடைத்தால் அதையும் அப்படியே பேத்தியை எழுதச் சொல்லுங்கள்.

ஒரு சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓக்லஹோமாவின் தென்கிழக்கில் இருக்கும் மில்லர்ட்டனுக்குப் போய் வரலாம். பழைய பள்ளி வளாகத்தில் சாக்டா தேசம் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. 1846இல் கட்டிய கல் தேவாலயம் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. போகும் முன் தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் சம்பந்தியிடம் பக்குவமாக ஒன்று கேளுங்கள். அவருடைய கொள்ளுப்பாட்டி சிறுமியாக இருந்தபோதே பெற்றோரில் யாராவது இறந்துவிட்டார்களா? 1880களில் வீலாக் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளி. அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த தாய்மாமன் ஒருவர் இருந்திருந்தால், நீங்கள் தேட வேண்டிய இரண்டாவது பெயர் அவருடையது.